பழைய காலத்து எதிர்காலக் கப்பல் ஓவியங்கள்: இதழா, பிரிண்டா, புத்தகமா, அசலா?

மூக்கில் துரப்பணம் பூட்டிய நீர்மூழ்கி, முதுகைத் திறந்து விமானம் ஏவும் அணுசக்திக் கப்பல், நீரைத் தொட்டும் தொடாமலும் சிறகில் ஓடும் டெஸ்ட்ராயர். 'இன்னும் ஐம்பது வருடத்தில் கடற்படை இப்படித்தான் இருக்கும்' என்று 1870களிலிருந்து 1970கள் வரை வரைந்து தள்ளினார்களே, அந்தப் படங்களில் ஒருமுறை மனது மாட்டிக்கொண்டால் திரையில் பார்ப்பது போதாமல் போய்விடும். வீட்டில் ஒன்று வேண்டும் என்று தோன்றும். குழப்பமும் அங்கேதான் ஆரம்பம். பழைய இதழையே தேடி வாங்குவதா, பெரிதாக பிரிண்ட் எடுத்து மாட்டுவதா, ஓவியத் தொகுப்புப் புத்தகம் போதுமா, காசு சேர்த்து அசல் ஓவியத்துக்கே போய்விடுவதா, இல்லை இதே பாணியில் யாரையாவது புதிதாக வரையச் சொல்வதா?

எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்தக் காலத்துப் படம் என்று. பலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. படம் எந்த முறையில் அச்சானது என்பதைப் பொறுத்துத்தான் அதை எவ்வளவு பெரிதாக்கலாம், எவ்வளவு நாள் தாங்கும், சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்ற எல்லாமே மாறுகிறது.

## முதலில் காலம்

1870 முதல் 1910 வரை: கோட்டுப் படங்கள். ஜூல் வெர்னின் கடலடிக் கதைக்கு 1871இல் வந்த படப் பதிப்பில் எத்வார் ரியூவும் அல்ஃபோன்ஸ் டி நொய்வீலும் வரைந்த படங்கள், ஆல்பேர் ரொபீதா 1887இல் இருபதாம் நூற்றாண்டுப் போரைக் கற்பனை செய்து வெளியிட்ட கேலிப் படங்கள் எல்லாம் இந்த வகை. ரியூவும் நொய்வீலும் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டார்கள். கப்பல்களுக்கு முன்னால் நீருக்கடியில் இடிகொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் காலம்தான். 1866 லிஸ்ஸா கடற்போரில் ஆஸ்திரியக் கப்பல் ஒன்று இத்தாலியின் 'ரே டி'இத்தாலியா'வை மோதியே மூழ்கடித்தது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு உலகத்துக் கடற்படைகள் எல்லாம் நிஜக் கப்பல்களுக்கே இடிகொம்பு வைத்துக் கட்டின, ஓவியர்கள் சும்மா இருப்பார்களா. இந்தக் காலத்தில் எனக்குப் பிடித்த ஆள் பிரெட் டி. ஜேன். 1893இல் ஜார்ஜ் கிரிஃபித்தின் எதிர்காலப் போர் நாவலுக்குப் பறக்கும் கப்பல்களை வரைந்தவர், ஐந்தே வருடத்தில், 1898இல், உலகத்து நிஜப் போர்க்கப்பல்களுக்கான ஆண்டுக் கையேட்டைத் தொடங்கினார். அந்தக் கையேடு இன்றைக்கும் அவர் பெயரில்தான் வருகிறது.

1920களும் 30களும்: வண்ண அட்டைகள். 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கியபோது அட்டை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். கட்டடக்கலை படித்தவர் என்பது படத்தைப் பார்த்தாலே தெரியும்: இயந்திரம் ஒவ்வொன்றும் நாளைக்கே கட்டிவிடலாம் என்பதுபோல் இருக்கும், மனிதர்கள் மரப்பொம்மைகளாக நிற்பார்கள். கதை இதழ்கள் மட்டுமில்லை, 'பாப்புலர் மெக்கானிக்ஸ்', 'மாடர்ன் மெக்கானிக்ஸ்' மாதிரி அறிவியல் இதழ்களும் இதே வேலையைச் செய்தன. ஆணிகள் வரிசையாகத் தெரியும் இரும்புத் தகடு, கண்டபடி பீரங்கி, கொளுத்தும் சிவப்பு மஞ்சள்.

1950 முதல் 1975 வரை: அணுசக்திக் கனவுகள். 1954இல் 'நாட்டிலஸ்' அணு நீர்மூழ்கி நீரில் இறங்கியதுமே படங்களில் புகைபோக்கி காணாமல் போக ஆரம்பித்தது. ஜப்பானில் ஷிகெரு கொமாட்சுசாக்கி (1915–2001), ஜெர்மனியில் கிளாவுஸ் பியுர்க்லே (1926–2015), சோவியத் பக்கம் 'தேக்னிக்கா மலதியோஷி' இதழின் ஓவியர்கள். பெரும்பாலும் கூவாஷ் (ஒளி ஊடுருவாத, கெட்டியான நீர்வண்ணம்), பிற்பாடு ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி). இவற்றில் சில அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. மூன்று விமானங்களைச் சுமந்த ஐ-400 வகை நீர்மூழ்கிகளை ஜப்பான் இரண்டாம் உலகப்போரிலேயே கட்டியிருந்தது. காஸ்பியன் கடலுக்கு மேல் ஒட்டிப் பறந்த சோவியத் ராட்சத எக்ரானோபிளான் 1966இல் வந்தது. அமெரிக்காவின் எஸ்இஎஸ்-100பி காற்றுமெத்தைக் கப்பல் 1980இல் 91.9 நாட் வேகம் தொட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

எனக்கு நான்கு விஷயம் முக்கியம், ஆனால் நான்குக்கும் ஒரே எடை இல்லை.

முதலாவதும் பெரியதும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்பது. கப்பலைக் குறுக்கே வெட்டி உள்ளே இருக்கும் அணு உலை, சமையலறை, விமான லிஃப்ட் எல்லாம் காட்டும் வெட்டுத்தோற்றப் படத்தைச் சோபாவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் வீண். அது கையில் வைத்து, மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டியது. புயலைக் கிழித்துக்கொண்டு வரும் ராட்சதக் கப்பல், அதன் காலடியில் எறும்பளவில் மாலுமிகள் என்ற வகைப் படமோ பத்தடி தூரத்தில்தான் வேலை செய்யும்.

இரண்டாவது, உங்களுக்கு வேண்டியது படமா, பொருளா? 1929இல் யாரோ காசு கொடுத்து வாங்கிப் படித்த அதே தாள் என் கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு. கப்பல் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை வேறு. முதல் ஆசைக்கு உலகத்தின் சிறந்த பிரிண்ட்டும் ஈடாகாது, இரண்டாவது ஆசைக்குப் பழைய இதழ் பல நேரம் ஏமாற்றம்தான்.

மூன்றாவது ஆயுள். வெளிச்சம், ஈரம், தாளின் அமிலம் மூன்றும் சேர்ந்துதான் இந்தப் படங்களைத் தின்கின்றன. நான்காவது, விலைச்சீட்டில் தெரியாத செலவு: ஃபிரேம், அனுப்பும் கூலி, சுங்கம், காப்பீடு, சேமித்து வைக்கும் உறைகள். உரிமைச் சிக்கலையும் இதிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.

| வழி | எந்தக் காலத்துக்கு | எங்கே வைத்துப் பார்க்க | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|
| பழைய இதழ் | 1920–30கள் | கையில், மேசையில் | உறை, அட்டை, தாள் நொறுங்குதல் |
| ஸ்கேன் எடுத்து நீங்களே பிரிண்ட் | 1910க்கு முந்தியவை | பெரிய சுவர் | நேரம், சோதனை பிரிண்ட்கள், ஃபிரேம் |
| கடை பிரிண்ட் | உரிமை பெற்று வந்தால் எந்தக் காலமும் | நடுத்தரச் சுவர் | போலி, வெட்டப்பட்ட படம், அளவு பொருந்தாத ஃபிரேம் |
| தொகுப்புப் புத்தகம் | 1950–75 | மடியில் | நடுமடிப்பு, தீர்ந்துபோனபின் ஏறும் விலை |
| அசல் ஓவியம் | கிடைப்பது எதுவோ அது | நிழலான சுவர் | ஏலக் கட்டணம், காப்பீடு, ஈரப்பதம் |
| புதிதாக வரையச் சொல்வது | நீங்கள் சொல்லும் காலம் | உங்கள் இஷ்டம் | காத்திருப்பு, திருத்தங்கள் |

## பழைய இதழை வாங்குவது

அசல் ஓவியமே முதன்மை, அட்டை அதன் நகல் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1930களின் அட்டைப்படங்களுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவை அச்சுக்காகவே வரையப்பட்டவை. மேல்பக்கம் இதழின் பெயர் வரும் என்று தெரிந்து, அங்கே வெறும் வானத்தை விட்டு, கப்பலைக் கீழே தள்ளி வைத்திருப்பார்கள். பெயரும் விலையும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகிறது.

ஒரு அட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள், சொல்வது புரியும். கடல் என்று பார்த்தது சியான் (பச்சை கலந்த நீலம்) புள்ளிகளின் கூட்டம், அலை முகட்டில் புள்ளி சிறுத்துச் சிறுத்துக் காகிதம் தெரிகிறது. கப்பலின் அடிப்பாகச் சிவப்பு, மஞ்சளின் மேல் ஏறிய மஜெந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு). அச்சுத் தகடு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் கப்பலின் ஓரத்தில் மெல்லிய நிழற்கோடு ஒன்று ஓடும், அதனாலேயே கப்பல் அதிர்வதுபோல் இருக்கும். இந்த அழகு அந்த அளவில்தான் இருக்கிறது. அட்டைகளில் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் புள்ளி வரிசைகள் இருக்கும். மூன்று மடங்கு பெரிதாக்கினால் அது நாற்பது சொச்சமாகிவிடும், அப்புறம் தெரிவது கப்பல் இல்லை, புள்ளிதான்.

அளவு சின்னது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆரம்பகால 'அமேஸிங்' இதழ்கள் ஏறத்தாழ எட்டரைக்குப் பதினொன்றரை அங்குலம். வழக்கமான பல்ப் இதழ் (மலிவுத் தாளில் வந்த கதை இதழ்) ஏழுக்குப் பத்துதான்.

சிக்கல் உள்ளே இருக்கும் தாளில். மரக்கூழைச் சுத்திகரிக்காமல் செய்த மலிவுத் தாள் அது, மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும், வருடம் போகப்போக அமிலமாகிப் பழுத்து நொறுங்கும். புரட்டினாலே ஓரம் உதிர்ந்து மேசையில் தூளாகக் கிடக்கும். அட்டை கொஞ்சம் நல்ல தாள் என்பதால் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் தாள்களைக் கோத்த ஸ்டேபிள் பின் துருப்பிடித்து அதைச் சுற்றிக் கறை ஏறியிருக்கும். பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத பின்னட்டை, வெயில் படாத அலமாரி இந்த மூன்றையும் இதழ் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பின்னட்டையைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

வாங்கும்போது தர நிலையைக் குறிக்கும் சொற்கள் ஏமாற்றும். இந்தச் சந்தையில் 'குட்' என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்று அர்த்தமில்லை, நன்றாக அடிபட்டது, ஆனால் முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். முதுகில் டேப் ஒட்டியிருக்கிறதா, விளம்பரக் கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா, ஓரத்தை யாராவது நேர்த்தியாக இருக்கட்டும் என்று நறுக்கியிருக்கிறார்களா, இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். புகைப்படத்தில் தெரியாது. பின்னாளில் வந்த மறுபதிப்பை அசலாக விற்பவர்களும் உண்டு. பழைய தாளின் வாடையையும் மஞ்சள் ஏறிய விதத்தையும் போலி செய்வது கஷ்டம் என்பதால் முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. இதழைப் பிய்த்து அட்டையை மட்டும் ஃபிரேம் போட்டு விற்பதை எனக்குப் பிடிக்காது. உள்பக்கங்கள் ஏற்கெனவே சிதைந்துபோன பிரதியாக இருந்தால் சரி, விட்டுவிடலாம்.

1960களின் பிளாஸ்டிக் கப்பல் மாடல்கள் வந்த பெட்டிகளின் ஓவியங்களும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். படம் பெரியதாக, நீளவாக்கில் கிடைக்கும் என்பது கூடுதல், பெட்டி இடத்தை அடைக்கும் என்பது கழிவு.

## நீங்களே பிரிண்ட் எடுப்பது

கோட்டுப் படங்களுக்கு இதை மிஞ்சிய வழி இல்லை. மரச் செதுக்கலில் சாம்பல் நிறம் என்று தனியாக எதுவும் கிடையாது, கறுப்புக் கோடு அல்லது காகிதம், அவ்வளவுதான். நல்ல ஸ்கேனை மூன்று நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே நிற்கும். பெரிதாக்கும்போதுதான் செதுக்கியவரின் கை தெரிகிறது: புகைக்குச் சுழல் கோடு, நீருக்குக் கிடைக்கோடு, இரும்புத் தகட்டுக்கு நெருக்கமான குறுக்குக் கோடு. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிக்கா'வில் ரொபீதாவின் படைப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், அவர் 1926இல் இறந்தவர் என்பதால் உரிமைத் தொல்லையும் இல்லை.

வண்ண அட்டைகளை இப்படிச் செய்ய நினைத்தால் முதலில் கணக்குப் போடுங்கள். ஏழுக்குப் பத்து அங்குல அட்டையை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2100க்கு 3000 பிக்சல். சுவரில் இருபதுக்கு முப்பது அங்குலமாக, 150 டிபிஐ-யில் அச்சிடவே 3000க்கு 4500 வேண்டும். கூகுள் புக்ஸில் 'பாப்புலர் சயின்ஸ்', 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பழைய இதழ்கள் கிடைக்கின்றன, ஆனால் அவை படிப்பதற்கான ஸ்கேன்கள், சுவருக்கு ஆகாது. இன்டர்நெட் ஆர்கைவில் தரம் பிரதிக்குப் பிரதி மாறும். குறையை ஏஐ மென்பொருளால் நிரப்பலாம் என்று ஆசைப்பட வேண்டாம். ஆணி வரிசையை அது மொழுக்கென்று தேய்த்துவிடும், வட்ட ஜன்னல்களைக் கண் மாதிரி ஆக்கும், கைப்பிடிக் கம்பிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைக்கும். இந்த வகை ஓவியத்தின் உயிரே அந்த விவரங்கள்தான். ஏ3 அளவோடு நிறுத்திக்கொண்டு புள்ளிகளைப் புள்ளிகளாகவே விடுங்கள்.

தாள் பற்றி: பருத்தி கலந்த, பளபளப்பில்லாத, லேசாக மஞ்சள் சாய்ந்த வெள்ளைத் தாள், பிக்மென்ட் மை. டை மை சீக்கிரம் வெளுக்கும். கேன்வாஸ் பிரிண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், துணியின் நெசவு மெல்லிய பாய்மரக் கயிறுகளையெல்லாம் விழுங்கிவிடும். முழு அளவுக்குப் போகும் முன் நடுப்பகுதியில் ஒரு பட்டை மட்டும் சோதனை அச்சு எடுத்து, மாட்டப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

உரிமை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்காவில் அக்காலத்தில் வெளியானவற்றுக்கு வெளியாகி 95 ஆண்டு முடிந்தால் பொதுச்சொத்து. 1963 வரை வெளியானவற்றில் 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டவையும் பொதுச்சொத்துதான், பல இதழ்கள் அப்படி விடுபட்டவை. பல நாடுகளில் கணக்கே வேறு, ஓவியர் இறந்து 70 ஆண்டு. ஃபிராங்க் பால் 1963இல் இறந்தார், ஆகவே ஒரே அட்டை ஓர் இடத்தில் பொதுச்சொத்தாகவும் இன்னோரிடத்தில் உரிமைக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம். கொமாட்சுசாக்கி, பியுர்க்லே படங்களெல்லாம் இன்னும் பல காலத்துக்கு உரிமைக்கு உட்பட்டவையே. வீட்டுச் சுவரோடு நிற்காமல், அச்சடித்து நாலு பேருக்கு விற்கலாம் என்ற யோசனை வந்தால் இதைச் சரிபார்க்காமல் இறங்காதீர்கள்.

## கடையில் கிடைக்கும் பிரிண்ட்

சுலபமான வழி, அதனாலேயே குப்பையும் இங்கேதான் அதிகம். ஓவியரின் குடும்பத்திடமோ பதிப்பாளரிடமோ உரிமை பெற்று, அசல் ஓவியத்தையே படமெடுத்து அச்சிட்ட பிரிண்ட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், 1950–75 காலப் படத்தைச் சுவரில் மாட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. மற்றவை பெரும்பாலும் இணையத்தில் எடுத்த ஸ்கேன், அல்லது இப்போது பெருகிவிட்ட ஏஐ படங்கள் 'ரெட்ரோ' என்ற பெயரில்.

ஏஐ படத்தைக் கண்டுபிடிக்கக் கப்பல் வசதியான பொருள். பீரங்கி மேடைகளை எண்ணுங்கள்: ஒன்றில் மூன்று குழாய், பக்கத்தில் இரண்டரை என்றால் சந்தேகமே வேண்டாம். மூக்கில் அலை ஒரு திசையில் பிரிய, பின்னால் நுரைத் தடம் வேறு திசையில் போகும். ஏணி எங்கேயும் போய்ச் சேராது. மேல்தளத்து மாலுமிகள் ஆளுக்கு ஓர் அளவில் இருப்பார்கள். அந்தக் கால ஓவியர்கள் அறிவியலில் தப்பு செய்திருக்கலாம், ஆனால் ஏணியை ஏறுவதற்காகத்தான் வரைந்தார்கள். விற்பவர் இதழின் பெயர், மாதம், ஓவியர் பெயர் மூன்றையும் சொல்லாவிட்டால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு தந்திரம், இதழின் பெயரை அழித்துச் 'சுத்தமான' படமாக விற்பது. மேலே இருக்கும் அந்த வானம் ஓவியர் வரைந்தது இல்லை, மென்பொருள் ஊகித்தது. அளவையும் பாருங்கள்: ஏழுக்குப் பத்து விகிதப் படத்தைப் பதினெட்டுக்கு இருபத்துநாலில் அச்சிட்டால் மேலேயோ கீழேயோ கொஞ்சம் போயிருக்கும், சில சமயம் ஓவியரின் கையெழுத்தே போயிருக்கும். வெட்டாமல் அச்சிட்டிருந்தாலோ அதற்குப் பொருந்தும் தயார் ஃபிரேம் கிடைக்காது, தனியாகச் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவு பிரிண்ட் விலையைத் தாண்டிவிடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் இன்னும் கூடும். ஆனாலும் போடுங்கள், அதிலும் சிவப்பும் மஞ்சளும் அதிகமுள்ள படத்துக்குக் கட்டாயம் போடுங்கள்.

## தொகுப்புப் புத்தகம்

வெட்டுத்தோற்றப் பைத்தியங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு பிரிண்ட்டின் ஃபிரேம் செலவுக்குள்ளேயே நூறு படம் வந்துவிடும், அதுவும் உரிமையோடு, பெரும்பாலும் அசல் ஓவியத்திலிருந்தே எடுத்தவை. கூவாஷில் தூரிகை உலர்ந்துபோய் இழுபட்ட தடம், நீர்த்தெறிப்புக்கு வெள்ளையைப் பல்துலக்கியால் தெளித்தது போன்ற பொட்டுகள் எல்லாம் நல்ல அச்சில் தெரியும். அட்டைப்பெட்டியிலோ இதழிலோ தெரிந்ததே இல்லை.

ஒரே பெரிய கோளாறு நடுமடிப்பு. கப்பல் நீளமான பொருள், அதை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடுவார்கள், தைத்த மடிப்பு சரியாகக் கட்டளைக் கோபுரத்தின் மேல் வந்து உட்காரும். கப்பலின் முகமே அதுதான். வாங்கும் முன் நடுப்பக்கம் ஒன்றின் படத்தைத் தேடிப் பாருங்கள், தட்டையாக விரியும் கட்டமைப்பா என்று விசாரியுங்கள். ஜப்பானிய, ஜெர்மன் தொகுப்புகளில் எண் போட்டுக் குறித்த பாகங்களின் விளக்கம் அந்தந்த மொழியில்தான் இருக்கும், போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம், எரிச்சல்தான் ஆனாலும் அதில் ஒரு சுகம் இருக்கிறது. கனமான புத்தகம், அனுப்பும் கூலி கூடும். முதல் பதிப்பு தீர்ந்தபின் விலை ஏறினால் ஏறியதுதான், 'அப்புறம் பார்க்கலாம்' என்பது இந்த வகையில் வேலைக்கு ஆகாது.

## அசல் ஓவியம்

1930களின் அட்டை ஓவியங்கள் பெரும்பாலும் கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், அச்சானபின் பதிப்பகங்கள் அவற்றை மதிக்கவில்லை, நிறையத் தூக்கியெறியப்பட்டன. மிஞ்சியவை கொஞ்சம், விரும்புபவர்கள் நிறைய. ஆகவே இது பெரும்பாலானவர்களுக்குக் கனவுதான், ஆனாலும் போகிறவர்களுக்குச் சில வார்த்தை.

ஏலத்தில் சுத்தியல் தட்டிய விலை நீங்கள் கொடுக்கும் விலை இல்லை, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வாங்குபவர் கட்டணம் ஏறும். அப்புறம் சுங்கம், காப்பீடு, பெட்டி கட்டும் கூலி. நிலை அறிக்கையில் 'மேல்பூச்சு' என்ற சொல்லைத் தேடுங்கள். பிற்காலத்தில் யாரோ கடலைத் திருத்தியிருக்கலாம். அச்சான அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கட்டாயம், ஓரத்தில் அளவுக் குறிகள், எழுத்து வைப்பதற்கான அடையாளங்கள், பதிப்பாசிரியரின் திருத்தம் போன்ற அச்சகத் தழும்புகள் இருந்தால் நம்பிக்கை கூடும். படம் மிகச் சுத்தமாக இருப்பதுதான் என்னை உறுத்தும்.

1950–60களின் கூவாஷ் ஓவியம் என்றால் இன்னொரு கவலை. கூவாஷ் காய்ந்த பின்னும் நீரில் கரையும். ஈரமான விரல் பட்டாலே தடம். கண்ணாடிக்குள்தான் இருக்க வேண்டும், கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி இடைவெளியும் வேண்டும். சுவர் ஈரம் வாங்கும் வீடு என்றால் இந்த ஆசையைத் தள்ளிவைப்பது புத்திசாலித்தனம்.

இடைவழி ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: பென்சில் வரைவுகளும் உள்ளங்கை அளவு வண்ண முன்மாதிரிகளும். இறுதி ஓவியத்தின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும். கப்பலை எந்தக் கோணத்தில் வைக்கலாம் என்று ஓவியர் தடுமாறியது அதில்தான் தெரியும்.

## புதிதாக வரையச் சொல்வது

மேலே சொன்ன எதிலும் உங்கள் கப்பல் இல்லை என்றால் இது. குறிப்பிட்ட சுவர், குறிப்பிட்ட அளவு, அல்லது இதுவரை யாரும் வரையாத ஒரு யோசனை, உதாரணமாக 1943இல் கனடாவின் பேட்ரிஷியா ஏரியில் சிறு மாதிரி கட்டிச் சோதித்த ஹபக்குக் பனிக்கட்டி விமானந்தாங்கி முழு அளவில் கட்டப்பட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது மாதிரி.

இங்கே தோல்வி பெரும்பாலும் 'ரெட்ரோ பாணியில்' என்று மொட்டையாகச் சொல்வதால் வருகிறது. ஓவியர் மூன்று காலத்தையும் கலக்கிவிடுவார். எந்தப் பத்தாண்டு என்று சொல்லுங்கள், அந்தக் காலத்துக்குத் தெரியாதவை எவை என்றும் சொல்லுங்கள். 1935 என்றால் ராடார் கிண்ணம் கூடாது, புகைபோக்கி இருக்க வேண்டும், ஆணிகள் தெரிய வேண்டும். 1962 என்றால் புகைபோக்கி போய், 1961இல் சேவைக்கு வந்த 'லாங் பீச்' அணு க்ரூஸரைப்போல் பெட்டி மாதிரி மேற்கட்டு வரலாம். உட்பக்கம் சாய்ந்த பக்கச் சுவர் வேண்டுமா? 1890களின் பிரெஞ்சுப் போர்க்கப்பலிலும் அது உண்டு, 2016இல் வந்த அமெரிக்காவின் 'ஸும்வால்ட்' போர்க்கப்பலிலும் உண்டு, ஆகவே அதைக் கேட்டால் எந்தக் காலம் என்பதை இரட்டிப்பாகத் தெளிவுபடுத்துங்கள்.

காசு தவிர நேரமும் போகும். எத்தனை திருத்தம் விலைக்குள் அடங்கும், முதல் வரைவைப் பார்த்தபின் பின்வாங்கினால் முன்பணம் என்ன ஆகும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். ஓவியம் உங்களிடம் வந்துவிட்டாலும் பதிப்புரிமை தனியாக எழுதித் தந்தாலொழிய பல நாடுகளில் ஓவியரிடமே இருக்கும், பிறகு டி-ஷர்ட் போடும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கணினியில் வரைந்தால் மலிவு, திருத்தவும் சுலபம். ஆனால் நிஜ கூவாஷிலோ எண்ணெய் வண்ணத்திலோ செய்பவர் கிடைத்து, உங்கள் பட்ஜெட் இடம் கொடுத்தால் அளவைக் குறைத்தாவது அதையே எடுங்கள். வரைந்து முடித்ததும் கேன்வாஸின் பின்பக்கம் பெயரும் தேதியும் போட்டுத்தரச் சொல்ல மறக்க வேண்டாம். பாணி பழையது என்பதால் இருபது வருடம் கழித்து எவராவது இதையே 1950களின் அசல் என்று ஏலம் போட்டுவிடுவார்கள்.